ஓடிய ஓட்டத்தை என்ன செய்வது?

2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் பெண்கள் 800 மீட்டர் முடிவுப் பட்டியலை இப்போது எடுத்துப் பார்த்தால், தங்கம் பஹ்ரைனின் மரியம் யூசுஃப் ஜமாலுக்கு, வெள்ளி கஜகஸ்தானின் விக்டோரியா யலோவ்ட்சேவாவுக்கு என்று இருக்கும். ஆனால் அன்று, டிசம்பர் 9ஆம் தேதி, யலோவ்ட்சேவாவுக்கு மயிரிழை முன்னால் கோட்டைத் தாண்டிய இன்னொருவர் இருந்தார். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். நேரம் 2 நிமிடம் 3.16 விநாடி. மேடையேறி வெள்ளியைக் கழுத்தில் வாங்கிக்கொண்டவரும் அவர்தான். பத்து நாள் போவதற்குள் ‘பாலினப் பரிசோதனையில் தேறவில்லை’ என்று செய்தி வந்தது. பதக்கம் போனது. பின்னால் இருந்தவர்கள் ஒரு படி மேலே ஏறினார்கள்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். தரவுத்தளத்திலிருந்து ஒரு வரியை எடுக்க எங்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, சுத்தமாக அழித்துவிடுவது. இன்னொன்று, வரியை அங்கேயே வைத்துவிட்டுப் பக்கத்தில் ‘இது கணக்கில் வராது’ என்று ஒரு குறி போடுவது. சாஃப்ட் டெலீட் என்போம். பணம், கணக்கு சம்பந்தப்பட்ட எந்த இடத்திலும் இரண்டாவதைத்தான் செய்வோம். ஏனென்றால் நடந்தது நடந்துவிட்டது; அதை என்னவாக எடுத்துக்கொள்வது என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

சாந்தியின் விஷயத்தில் நான் கேட்க விரும்புவது இதைத்தான். நடந்த ஒன்றை நடக்காததாக ஆக்க முடியுமா? அப்படி ஆக்கியே தீரவேண்டிய ஒரு விதி நியாயமானதாகவே இருந்தாலும், அந்த நியாயத்துக்கான செலவை யார் கட்டுவது?

*

முதலில் மூன்று வாக்கியங்களைத் தனித்தனியாக வைத்துக்கொள்வோம்.

ஒன்று: ‘அவர் ஓடினார்.’
இரண்டு: ‘விதிப்படி அவர் அந்தப் பிரிவில் வர மாட்டார்.’
மூன்று: ‘அவர் ஏமாற்றினார்.’

முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவது ஓர் அமைப்பு எடுத்த முடிவு. சரியாகவும் இருக்கலாம், தவறாகவும் இருக்கலாம். மூன்றாவது பொய். சாந்தி எந்த ஊசியும் போட்டுக்கொள்ளவில்லை, எந்தச் சான்றிதழையும் திருத்தவில்லை. பிறந்த நாளிலிருந்து வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் ஊரிலும் பெண் பிள்ளையாக வளர்ந்தவர் பெண்கள் பிரிவில் ஓடினார். அவ்வளவுதான்.

ஆனால் 2006 டிசம்பரில் செய்தி பரவிய விதத்தில் இரண்டாவது வாக்கியம் வாயிலிருந்து வெளியே வரும்போதே மூன்றாவதாக மாறிவிட்டது. ‘டெஸ்ட்ல மாட்டிக்கிச்சு’ என்றுதான் டீக்கடையில் பேசுவார்கள். ஊக்கமருந்துக்கும் அதே வினைச்சொல், திருட்டுக்கும் அதே வினைச்சொல். தேர்வில் ‘ஃபெயில்’ ஆவதென்றால் நாம் ஏதோ செய்யத் தவறியிருக்க வேண்டும். உடம்பு எப்படி ஃபெயில் ஆகும்? அது எந்தப் பரீட்சைக்கு விண்ணப்பித்தது?

இந்தக் கட்டுரையில் அவருடைய உடலின் மருத்துவ விவரங்களை எழுதப்போவதில்லை. இணையத்தில் அவை கிடைக்கின்றன. கிடைப்பதே பிரச்சினையின் ஒரு பகுதி. இந்த வாதத்துக்கு அவை தேவையும் இல்லை.

*

ஒரு பதக்கம் புதுக்கோட்டையில் என்னவாக இருக்கிறது என்று தெரியாமல் அதைப் பறிப்பது என்னவென்று புரியாது.

சாந்தியின் பெற்றோர் செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். தலித் குடும்பம். ஓட்டத்தை முதலில் சொல்லிக்கொடுத்தவர் தாத்தா என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். செம்மண்ணும் தைலமரக் காடும் முந்திரியுமான இந்த மாவட்டத்தில் பெண்கள் வேகமாக நகர்வது என்பதே கொஞ்ச காலம் முன்புவரை ஒரு சர்ச்சைதான். 1991இல் ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தின் வழியாகப் பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பி. சாய்நாத் எழுதி உலகம் அறிந்த கதை. சாந்தி அப்போது பத்து வயதுச் சிறுமி. பெண் ஒருத்தி சைக்கிள் மிதித்துப் போவதே ஊர் வாய்க்கு அவலாக இருந்த மண்ணில்தான் ஒரு பெண் பிள்ளை ஸ்பைக்ஸ் போட்டு ஓட ஆரம்பித்திருக்கிறாள்.

நம்மூரில் தடகளம் ஒரு பொழுதுபோக்கு அல்ல. பி.டி. சார் கண்ணில் படுவதில் தொடங்கும். மண்டலம், மாவட்டம், மாநிலம். அதைக் காட்டிக் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட்டு, ஹாஸ்டல், மூன்று வேளைச் சாப்பாடு. பிறகு பல்கலைக்கழகப் போட்டி, நேஷனல்ஸ். அங்கே ஒரு பதக்கம் விழுந்தால் ரயில்வே, காவல்துறை, தபால்துறை என்று எங்காவது ஒரு வேலை. சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்கிய ஃபைல்தான் நம் ஓட்டக்காரர்களின் பாஸ்புக். ஓடும் காலம் பத்து வருஷம் இருந்தால் அதிகம். அந்தப் பத்து வருஷத்தை மிச்ச நாற்பது வருஷத்துக்கான சம்பளமாக மாற்றித் தருவது அந்த ஃபைல் ஒன்றுதான். 2005இல் தென்கொரியாவின் இன்சியானில் நடந்த ஆசிய தடகளத்தில் சாந்தி அதே 800 மீட்டரில் வெள்ளி வாங்கியிருந்தார். அடுத்தது தோஹா. ஃபைல் கனத்துக்கொண்டிருந்தது.

மேலே தொடர்வதற்கு முன் ஓர் ஒப்பீடு. அமெரிக்கக் கால்பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடி, ஒருவர்மேல் ஒருவர் மோதுகிற அந்த ஆட்டம். அங்கேயும் தொழில்வாழ்க்கை குட்டையானது. பலருக்குச் சில பருவங்களோடு முடிந்துவிடும். ஆனால் 1956 முதல் அவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மூன்று பருவம் கணக்கில் ஏறிவிட்டால் ஓய்வூதிய உரிமை உண்டு. அது நிர்வாகம் மனமுவந்து கொடுத்ததல்ல, பேரம் பேசி வாங்கியது. விளையாட்டில் உடம்பு சீக்கிரம் தீரும், தீர்ந்த பிறகும் மனிதர் மிச்சம் இருப்பார் என்று அங்கே ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறார்கள். கத்தக்குறிச்சியிலிருந்து கிளம்பியவருக்குச் சங்கமும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. இருந்தது அந்த ஃபைல்தான். தோஹாவில் பறித்தது ஒரு வட்ட உலோகத்தை என்று நினைத்தால் கணக்கு தப்பாகிவிடும்.

*

இப்போது எதிர்ப்பக்கம். அதை அதன் முழு பலத்தோடு சொல்ல வேண்டும், இல்லையென்றால் இது வெறும் ஆதங்கமாகிவிடும்.

பெண்கள் பிரிவு ஏன் இருக்கிறது? மேல்மட்ட ஓட்டத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே ஏறத்தாழ பத்து சதவீதம் இடைவெளி உண்டு. பிரிவு இல்லையென்றால் உலகத்தின் மிகச் சிறந்த ஓட்டக்காரி இறுதிச் சுற்றையே பார்க்க மாட்டார். ஆக, பிரிவு வேண்டும். பிரிவு வேண்டுமென்றால் எங்காவது ஒரு கோடு போட வேண்டும். இயற்கை அப்படி ஒரு கோட்டைத் தெளிவாகப் போட்டுவைக்கவில்லை. அதனால் நாம் எங்கே போட்டாலும் கோட்டின்மேல் யாராவது நிற்பார்கள். அவரை உள்ளே விட்டால் நான்காவதாக வந்தவர் வந்து, ‘எனக்கு என்ன பதில்?’ என்று கேட்பார். யலோவ்ட்சேவாவும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவரும் விடிகாலையில் எழுந்து ஓடியவர்தான். சாந்தி நம் ஊர்க்காரர் என்பதற்காக அவருடைய கேள்வியைத் தள்ள முடியாது.

இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கோட்டின் சரித்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

1966இல் புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளத்தில் வீராங்கனைகளை மருத்துவர் குழு முன் நிறுத்தி உடம்பைப் பார்த்து முடிவு செய்தார்கள். 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்ஸிலிருந்து குரோமோசோம் சோதனை. ஸ்பெயினின் தடைதாண்டும் ஓட்டக்காரி மரியா ஹோஸே மார்ட்டினெஸ் பட்டீன்யோ 1985இல் அதில் ‘தேறவில்லை’. பதக்கம், உதவித்தொகை, சாதனைகள் எல்லாம் போயின. போராடி 1988இல் பெண்ணாகப் போட்டியிடும் உரிமையைத் திரும்பப் பெற்றார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸில் 3,387 வீராங்கனைகளைச் சோதித்தார்கள். 8 பேரின் முடிவு வழக்கத்துக்கு மாறாக இருந்தது. எட்டுப் பேரும் பெண்களாகவே ஓட அனுமதிக்கப்பட்டார்கள். 1999இல் ஒலிம்பிக் கமிட்டி எல்லோரையும் சோதிக்கும் முறையையே கைவிட்டது. அதன்பின் சந்தேகம் வந்தால் மட்டும் சோதனை.

சந்தேகம் வந்தால். இந்த இரண்டு சொற்களில்தான் தோஹா நடந்தது. யாருக்கு, யாரைப் பார்த்து, எதனால் சந்தேகம் வரும்? குரல், தாடை, மார்பு, நடை. ‘பொம்பள மாதிரியா இருக்கு?’ என்ற கேள்வி வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்குள் போகிறது, அவ்வளவுதான்.

பிறகு அளவுகோல் மறுபடி மாறியது. 2011இல் டெஸ்டோஸ்டீரோனுக்கு உச்சவரம்பு வைத்தார்கள்: லிட்டருக்கு 10 நானோமோல். ஒடிசாவின் டூட்டி சந்த் 2014இல் அதில் தடுக்கப்பட்டு வழக்குப் போட்டார்; 2015இல் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் அந்த விதியை நிறுத்திவைத்தது. 2018இல் 400 மீட்டரிலிருந்து ஒரு மைல் வரையிலான ஓட்டங்களுக்கு மட்டும் புதிய விதி, வரம்பு 5. 2023இல் எல்லாப் போட்டிகளுக்கும் 2.5. 2025இல் மரபணுச் சோதனை. பத்து, ஐந்து, இரண்டரை, பிறகு வேறொரு கருவி. எங்கள் தொழிலில் ஒரு கான்ஃபிக் ஃபைலில் ஒரே எண்ணை இத்தனை தடவை மாற்றியிருந்தால், அடுத்து வருகிறவன் முதலில் கேட்பது ஒன்றுதான்: ‘இது எதை அளக்குறதுன்னு நமக்கே தெரியுமா?’

அளவுகோல் மாறுவது தப்பில்லை. அறிவியல் அப்படித்தான் வளரும். ஆனால் அளவுகோலைப் பிடித்திருப்பவர்களுக்கே அதில் இவ்வளவு தயக்கம் இருக்கும்போது, அளக்கப்பட்டவர்மேல் மட்டும் நிச்சயத்தின் முழு பாரத்தையும் ஏற்றுவது எந்த ஊர் நியாயம்?

எண்ணாக வருவதெல்லாம் நடுநிலை இல்லை என்பதற்கு மறுபடியும் அமெரிக்கக் கால்பந்துதான் உதாரணம். தலையில் அடிபட்டு மூளை சிதைந்த முன்னாள் வீரர்களுக்கான இழப்பீட்டு ஒப்பந்தம் 2015இல் நீதிமன்ற ஒப்புதல் பெற்றது. இழப்பீடு கேட்பவரின் நினைவுத்திறனைச் சோதித்து, முன்பு இருந்ததோடு ஒப்பிட்டு, எவ்வளவு இழந்தார் என்று கணக்கிட வேண்டும். அந்தக் கணக்கில் கறுப்பின வீரர்களுக்கு ஆரம்ப நிலையே குறைவு என்ற ஓர் அனுமானம் உள்ளே பொதிந்திருந்தது. அதாவது வெள்ளையர் ஒருவரும் கறுப்பர் ஒருவரும் ஒரே மதிப்பெண் எடுத்தால், கறுப்பர் குறைவாக இழந்தவராகிவிடுவார். 2020இல் இரண்டு முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்டார்கள். 2021இல் லீக் அந்த முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. யாரும் கெட்ட எண்ணத்தோடு அந்தப் படிவத்தை நிரப்பியிருக்க மாட்டார்கள். அட்டவணையில் அப்படி இருந்தது, அப்படியே போட்டார்கள்.

*

சரி, கோடு வேண்டும், கோட்டின்மேல் ஒருவர் நிற்பார், அவர்மேல் குற்றமும் இல்லை. அப்ப என்னதான் பண்றது?

என் தொழில் தரும் பதில் இது: உள்ளீடு படிவத்தில் பொருந்தவில்லை என்றால் தப்பு பயனருடையது அல்ல, படிவத்துடையது. பெயருக்கு இருபது எழுத்து போதும் என்று நினைத்த புரோகிராமர் நம் ஊர்ப் பெயர்களைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். விளிம்பில் வரும் அந்த மனிதரை ‘எட்ஜ் கேஸ்’ என்று சொல்லி டிக்கெட் போட்டு, அடுத்த ரிலீஸில் படிவத்தைத் திருத்துவோம்.

ஆனால் இந்த ஒப்புமை பாதி தூரம்தான் ஓடும். மென்பொருளில் இன்னொரு பெட்டி சேர்ப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பதக்க மேடையில் மூன்று படிதான். முத்துலட்சுமி ரெட்டியின் கதையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர்; ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில், எதிர்ப்புகளை மீறி, தொண்டைமான் மன்னரின் அனுமதியால் நுழைந்த முதல் பெண். ‘கோட்டை அழித்தால் போதும், எல்லாம் சரியாகும்’ என்பதற்கு அழகான உதாரணம்தான். ஆனால் அவர் வகுப்பில் உட்கார்ந்ததால் பக்கத்து மாணவனின் பட்டம் குறையவில்லை. ஓட்டத்தில் குறையும். ஒருவர் இரண்டாவதாக வந்தால் இன்னொருவர் இரண்டாவதாக வர முடியாது.

ஆகவே எனக்குச் சரியாகத் தோன்றும் ஒப்புமை வேறு: நிலமெடுப்பு.

நான்குவழிச் சாலை வருகிறது. சாலை ஊருக்கு நல்லது என்றே வைத்துக்கொள்வோம். அது ஒருவருடைய காட்டின் நடுவே போகிறது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. கோடு அவர் நிலத்தில் விழுந்துவிட்டது. அரசு எடுத்துக்கொள்கிறது. ஆனால் எந்தத் தாசில்தாரும் அவரை ‘நிலத் திருடன்’ என்று சொல்வதில்லை. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஆட்சேபணை கேட்க வேண்டும், விலை வைக்க வேண்டும். நடைமுறையில் எவ்வளவு ஓட்டை இருந்தாலும், கொள்கை தெளிவாக இருக்கிறது: பொதுநன்மைக்காகக் குற்றமற்ற ஒருவரிடமிருந்து எடுத்தால், அந்தச் செலவைப் பொதுவில்தான் கட்ட வேண்டும். அவர் தலையில் கட்டக்கூடாது. 2013ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பெயரிலேயே மூன்று விஷயம் இருக்கிறது: நியாயமான இழப்பீடு, வெளிப்படைத்தன்மை, மறுவாழ்வு.

இந்த மூன்றையும் தோஹாவுக்குப் பொருத்திப் பார்ப்போம்.

வெளிப்படைத்தன்மை. ஓட்டம் முடிந்தபின் சாந்தியைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார்கள். எதற்கென்று தனக்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை என்று அவர் பிற்பாடு பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எதற்கென்று சொல்லாத இடத்தில் ஆட்சேபணைக்கு ஏது இடம்? ஆனால் ஊருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வெளிப்படையாக இருந்திருக்க வேண்டிய நடைமுறை ரகசியமாக இருந்தது. ரகசியமாக இருந்திருக்க வேண்டிய உடம்பு வெளிப்படையாகிவிட்டது. நிலமெடுப்பில் நோட்டீஸை உரியவருக்குக் கொடுக்காமல் அவர் வீட்டுப் பத்திரத்தைப் பேப்பரில் போட்டதற்குச் சமம்.

இழப்பீடு. அந்தச் சொல்லே அந்த விதிமுறைகளின் அகராதியில் இல்லை. விதி அவரை வெளியே அனுப்புவதோடு தன் வேலையை முடித்துக்கொண்டது.

மறுவாழ்வு. இதற்குப் பத்து வருஷம் ஆனது.

*

ஒரு நண்பரிடம் இந்த வாதத்தைச் சொன்னபோது அவர் மடக்கினார். ‘நிலம் அவனோட சொத்துடா. பதக்கம் அப்படியா? தகுதி இருந்தாத்தான் பதக்கம். தகுதி இல்லைன்னு ஆனப்புறம் அது அவங்களோடதே இல்லையே. இல்லாத பொருளுக்கு என்ன நஷ்டஈடு?’

நல்ல கேள்வி. இரண்டு பதில் தோன்றுகிறது.

முதலாவது, தகுதியை முடிவு செய்தது யார்? மாவட்டம், மாநிலம், தேசம், இன்சியான் என்று ஒவ்வொரு வாசலிலும் அமைப்புதான் அவரை ‘வா’ என்று உள்ளே விட்டது. அந்த ‘வா’வை நம்பித்தான் அவர் தன் இருபதுகளைச் செலவழித்தார். வேறு வேலை கற்றுக்கொள்ளவில்லை, வேறு படிப்பு படிக்கவில்லை. உள்ளாட்சி அமைப்பு அனுமதி கொடுத்த இடத்தில் வீடு கட்டி முடித்தபின், ‘அளவு தப்பு, இடிக்கிறோம்’ என்று வந்தால், இடிப்பது சரியாகவே இருந்தாலும் கட்டிய செலவைக் கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு உண்டு.

இரண்டாவது பதில் இன்னும் எளிது. பதக்கம் அவருடையது இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அவர் பெயர் அவருடையதுதானே? அவர் உடம்பின் அந்தரங்கம்? ஊரில் தலைநிமிர்ந்து நடப்பது? சேர்த்துவைத்த ஃபைலின் மற்ற தாள்கள்? இவை எந்த விதிப்படியும் பறிக்கத்தக்கவை அல்ல. பதக்கத்தை எடுக்கும்போது எல்லாம் சேர்ந்து போயின. ஒரு காசு கணக்கில் இடித்ததற்காக வீட்டையே ஜப்தி செய்தது போல.

இவற்றைக் காப்பாற்ற முடியும் என்பதற்குத் தூரத்தில் தேட வேண்டாம். மூன்றே வருஷம் கழித்து, 2009இல் பெர்லினில், அதே 800 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா உலக சாம்பியனானபோது இதே சந்தேகம், இதே சோதனை. இங்கேயும் கசிவு, இங்கேயும் அவமானம். ஆனால் அவர் நாடு பின்னால் நின்றது. தங்கமும் பரிசுப் பணமும் அவரிடமே இருக்கும், மருத்துவ முடிவுகள் ரகசியமாக இருக்கும் என்று அதே வருஷம் அறிவிப்பு வந்தது. பின்னால் வந்த விதிகள் அவரை ஓடவிடாமல் தடுத்தன. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை போனது. 2025இல் அதன் பெரிய அமர்வு, அவருக்கு முறையான விசாரணை கிடைக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. அவர் எல்லாவற்றிலும் ஜெயித்துவிடவில்லை. ஆனால் அவரைத் தனியாக விடவில்லை. டூட்டி சந்துக்கு இந்திய விளையாட்டு ஆணையம் துணைநின்றது. 2006க்கும் 2014க்கும் நடுவில் நாமும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லலாம். படித்த பாடத்துக்கான கட்டணத்தைச் சாந்திதான் கட்டினார்.

*

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பரிசோதனைச் செய்தி வெளியான பின்பும் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி அறிவித்தபடி 15 லட்சம் ரூபாயும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் சாந்திக்குக் கொடுத்தார். இதை இரக்கம் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அது முதல் வாக்கியத்தை உரக்கச் சொன்னதாகத் தோன்றுகிறது: ‘அவர் ஓடினார்.’ இரண்டாவது வாக்கியத்தை மறுக்கத் தமிழக அரசுக்கு அதிகாரம் இல்லை. மூன்றாவதை ஏற்க மறுத்தது.

ஆனால் பணம் வேறு, பெயர் வேறு. 2007இல் சாந்தி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று பிழைத்தார். எழுந்து வந்து புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார், பரிசுப் பணத்தையும் அதில் போட்டார். குறைந்த சம்பளத்தில் ஒப்பந்தப் பயிற்சியாளர் வேலை. அதுவும் நிலைக்கவில்லை. 2012இல் அவர் மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலிக்கு வேலை செய்கிறார் என்று செய்தி வந்தது. பெற்றோர் நின்ற அதே சூளை வேலை. ஆசியாவின் இரண்டாவது வேகமான 800 மீட்டர் கால்கள் மண் மிதித்துக்கொண்டிருந்தன. செய்தி கிளப்பிய சத்தத்தில் பெங்களூரில் என்.ஐ.எஸ். பயிற்சியாளர் பட்டயம் படிக்க இடம் கிடைத்தது. படித்து முடித்தார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிரந்தரப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார்.

இதை ‘விடாமுயற்சி’ கதையாகச் சொல்லும் ஆசை எல்லோருக்கும் வரும். பள்ளி ஆண்டுவிழாவில் பேச வசதியான கதை. எனக்கு அதில் ஓர் அசௌகரியம் இருக்கிறது. ஒருவர் தாக்குப்பிடித்தார் என்பதால் அவர்மேல் விழுந்த அடி சின்னதாகிவிடாது. அவர் தாக்குப்பிடிக்காமல் போயிருந்தால் நாம் வேறு மாதிரி ஒரு கட்டுரை படித்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். பாராட்டு பல சமயம் கடன்காரன் சொல்லும் ஆறுதல் மாதிரி: ‘நீ சமாளிச்சுடுவப்பா.’ சமாளித்துவிடுவார்தான். கடன் கடன்தான்.

இந்த நியமனத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரு 800 மீட்டர் பயிற்சியாளர் பிள்ளைகளுக்கு எதைக் கொடுக்கிறார்? பட்டயப் புத்தகத்தில் உடலியலும் பயிற்சி அட்டவணையும் இருக்கும். ஆனால் 800 ஓர் அவஸ்தையான தூரம். முழு வேகத்தில் ஓடினால் முடிக்க முடியாது, அடக்கி ஓடினால் தோற்றுவிடுவோம். முதல் வளைவு வரை அவரவர் பாதை. அதன்பின் எல்லோரும் உள்பக்கத்துக்குப் பாய்வார்கள், முழங்கை இடிக்கும், ஸ்பைக்ஸ் கீறும். எப்போது முந்துவது, யார் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து ஓடுவது, கடைசி நூறு மீட்டருக்கு எதை மிச்சம் வைப்பது என்பதெல்லாம் ஓடியவர் சொல்லித்தான் வரும். ‘மணி அடிச்சதும் பயந்துடாத, இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு’ என்று சாந்தி ஒரு பிள்ளையிடம் சொன்னால், அந்தச் சொல்லுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது? இன்சியானிலிருந்தும் தோஹாவிலிருந்தும் வருகிறது.

அப்படியென்றால், இல்லை என்று பட்டியல் சொல்லும் ஓர் ஓட்டத்தை நம்பித்தான் அரசு அவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கிறது. பட்டியலும் சம்பளப் பட்டியலும் ஒன்றுக்கொன்று முரண். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம்.

*

பதக்கத்தைத் திருப்பித் தர வேண்டுமா? தர வேண்டும் என்று வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கம் வலுவான காரணங்கள் உண்டு. யலோவ்ட்சேவாவின் பக்கத்திலிருந்து யோசித்தால் என்னால் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியவில்லை. பெண்கள் பிரிவின் கோடு எங்கே விழ வேண்டும் என்பதும் மருத்துவர்களும் ஓட்டக்காரிகளும் இன்னும் பல வருஷம் சண்டை போடப்போகிற விஷயம்.

ஆனால் சில காரியங்களுக்கு அந்தச் சண்டை முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. விதி ஒருவரை வெளியே நிறுத்தும்போது, அதற்கு அவர் காரணமில்லை என்று அந்த ஆணையிலேயே எழுதலாம். முடிவை முதலில் அவர் கையில், அவர் மொழியில் கொடுக்கலாம். ஓடிய வருஷங்களுக்கு ஈடாக வேலையோ படிப்போ ஓய்வூதியமோ, ஏதாவது ஒன்றை விதியோடு சேர்த்தே வைக்கலாம்; பத்திரிகையில் சூளைப் படம் வந்தபிறகு அல்ல. முடிவுப் பட்டியலில் வரியை அழிக்காமல் வைத்து, பக்கத்தில் குறி போடலாம்: இந்த நேரத்தில் ஓடினார், அன்றைய விதிப்படி இந்தப் பிரிவில் சேர்க்கப்படவில்லை.

கூடவே இன்னொரு வரியும் போடலாம்: அவர் யாரையும் ஏமாற்றவில்லை. இதைச் சொல்ல ரத்தம் எடுக்க வேண்டாம், மரபணு பார்க்க வேண்டாம், கமிட்டி கூட்ட வேண்டாம். 2006 டிசம்பரிலேயே சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் சொல்லலாம்.